அருங்காட்சியகத்துக் கட்டில்கள்

எங்கள் ஏரிக்கரை மீன்பண்ணையை மூடிய வருடம் ஊரே திரண்டு போய்க் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தது. கதவு, குழாய், தகரம், கண்ணாடி. பண்ணையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த கனிம்புபு மட்டும் யாருக்கும் வேண்டாததைப் பொறுக்கினார். முதல் இயக்குநர் கோட்டு மாட்டிய ஸ்டாண்ட், பரிசுக் கோப்பைகள், பஞ்சடைத்த பெரிய டிரௌட் மீன், தொழிலாளர் ஓய்வு விடுதியின் இரும்புக் கட்டில்கள். எல்லாவற்றையும் பண்ணையின் பழைய அலுவலகத்தில் அடுக்கி வைத்து, வாசலில் ‘அருங்காட்சியகம்’ என்று எழுதி மாட்டினார். அனுமதி யாரும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊருக்கே எஜே, அதாவது அக்கா, ஆகிவிட்ட கனிம்புபுதான் தலைவர். அவருடைய சொந்த அக்காளின் புருஷன் ஷார்ஷென் ஒரு காலத்தில் பண்ணையின் லாரி டிரைவர். அடுப்பு மூட்டுவது, கூரை ஒட்டுவது, பூட்டுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வியாழக்கிழமைகளில் நான் போவேன். என் பெயர் குல்சாத், பள்ளியில் பாட்டு டீச்சர். என் வேலை தூசி தட்டுவதும், அவர்கள் இருவரும் மோதும்போது ஓரமாக நிற்பதும்.

மோதல் என்றால் பகை அல்ல. எங்கள் பக்கம் அக்காள் புருஷன் ஜெஸ்தே. அவருக்குக் கொழுந்தியாள் பல்டிஸ். ஜெஸ்தேயைக் கிண்டல் செய்யாத பல்டிஸைப் பார்த்தால், “உடம்புக்கு என்னம்மா?” என்று விசாரிப்பார்கள். கனிம்புபு எஜேவின் உடம்புக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மார்ச்சில் கொரோனா வந்துவிட்டது, எல்லாவற்றையும் மூடுங்கள் என்று உத்தரவு வந்தது.

“கூட்டம் கூடக் கூடாதாம், பல்டிஸ்” என்றார் ஷார்ஷென்.

“நம்ம மியூசியத்துல எப்ப கூடுச்சு?”

“போன வருஷம் மழைக்கு ஒதுங்கினாங்களே, ஒரு பஸ்ஸு நிறைய.”

எஜே பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாளே என்னைக் கூப்பிட்டார். ஆள் வராவிட்டால் என்ன, அருங்காட்சியகம் ஆளிடம் போகும். செல்போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறாராம். எங்கள் தெருமுனையில் காவல் தடுப்பு வைத்திருந்ததால் என்னால் போக முடியவில்லை. போனைப் பிடிக்கும் வேலை ஷார்ஷெனுக்குப் போயிற்று.

முதல் படத்தில் பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. மீதியில் எஜே நல்ல கவுனும் பட்டுத் தலைத்துணியுமாக மீனுக்குப் பக்கத்தில் நின்று, டெலிபோன் குரலில் பேசினார்: “இது நம் பண்ணையில் பிடிபட்ட மீன்களிலேயே மிகப் பெரியது.”

போனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. “பிடிச்ச அன்னைக்கு நானும் இருந்தேன். அப்ப இவ்ளோ பெருசு இல்ல. பஞ்சு அடைக்க அடைக்க வளந்துச்சு.”

“ஜெஸ்தே, நீங்க படம் மட்டும் பிடிங்க.”

“பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். நீ கொஞ்சம் தள்ளு, மீன் தெரியல. ரெண்டு பேரும் ஒரே அகலம்.”

வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர் அதைப் பார்த்து உருண்டு சிரித்தது. மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய், வேலையும் நின்று விமானமும் நின்று, ஒரே அறையில் பத்துப் பேராக முடங்கியிருந்த எங்கள் ஊர்ப் பையன்கள் அதை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். ‘அடுத்தது எப்போ?’ என்று கேட்டார்கள். ‘மீன் போதும், அந்தப் பெரியவரைக் காட்டுங்க’ என்று ஒருவன் எழுதினான். எஜேவுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் தினமும் ஒரு பொருள் என்று தொடர்ந்து பேசினார். இத்தனை வருடத்தில் வாசல்படி ஏறியவர்களைவிட அதிகம் பேர் அந்த வசந்தத்தில் எங்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்தார்கள்.

பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தது ஒரே ஆள்தான். எஜேவின் அக்கா, ஷார்ஷெனின் மனைவி, அனார்.

“எம் புருஷனும் எந் தங்கச்சியும் செத்த மீனுக்குக் காவல் இருக்காங்க. இதுல படம் வேற” என்பார். அருங்காட்சியகத்துக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

ஜூலையில் நோய் நிஜமாகவே வந்தது. அதுவரை அது செய்தியில் இருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு இருமல் கேட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்தில்கூட இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊரின் ஒரே டாக்டர் மீரிம், பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி நோயாளிகளை அங்கே படுக்க வைத்தார். உடற்பயிற்சிப் பாய்களில் ஆட்கள் கிடந்தார்கள். டிரிப்ஸ் பாட்டில்களை ஜன்னல் கொக்கிகளிலும் வரைபடம் மாட்டும் ஆணிகளிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் என் பாட்டு வகுப்பில் பியானோவைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையை குளோரின் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனார். வாசலில் எஜேவும் ஷார்ஷெனும் முகக்கவசத்தோடு நின்றிருந்தார்கள்.

“எஜே, உங்ககிட்ட கட்டில் இருக்குல்ல?”

“இருக்கு. காட்சிக்கு.”

“எனக்கும் காட்சிக்குன்னே வச்சுக்கங்க. மேல படுக்க ஆள நான் கொண்டாரேன்.”

எஜே சிரிக்கவில்லை. “அந்தக் காலத்து பெயின்ட்டு, டாக்டர். குளோரின் பட்டா உரிஞ்சுரும்.”

“உரியும்” என்றார் மீரிம். அவருக்குப் பொய் சொல்லக்கூட நேரமில்லை.

“குடு பல்டிஸ்” என்றார் ஷார்ஷென். “வருஷக்கணக்கா மேல ஆள் படுக்காம அதுங்களுக்கே முதுகு வலி வந்துருக்கும்.”

எஜே உள்ளே போனார். கட்டில்கள் இருந்த அறையில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கட்டிலாகக் கைவைத்துப் பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது கையில் சாவி இருந்தது.

“இயக்குநர் ஸ்டாண்டையும் எடுத்துக்கங்க. கோட்டு மாட்டின எடத்துல பாட்டில் தொங்கட்டும். சமோவாரும் இருக்கு, வெந்நீருக்கு ஆகும். மீன் மட்டும் தர மாட்டேன்.”

“மீன் வேணாம் எஜே” என்றார் டாக்டர்.

ஷார்ஷென் பக்கத்து வீட்டு லாரியை இரவல் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றினார். கட்டில்களில் கட்டியிருந்த ‘கையால் தொடாதீர்கள்’ அட்டைகளைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. மறுநாள் காய்ச்சல் சற்றுத் தணிந்து கண் விழித்த ஒரு டிராக்டர்காரர், தலைமாட்டில் தொங்கிய அட்டையை நெடுநேரம் படித்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

“தொடாதீங்கன்னு எழுதியிருக்கே, என்னையா, கட்டிலையா?”

“ரெண்டையும்தான்” என்றார் மீரிம்.

எஜே வீட்டுக்குப் போகவில்லை. பள்ளியிலேயே தங்கி, சமோவாரில் வெந்நீர் வைத்து, எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். கொடுக்கும்போதே, “கம்பியில சாயாதீங்க, பழசு” என்று சொல்லவும் தவறவில்லை.

படுத்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடவில்லை. பண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த மாம்பெத் பெரியவர் என் பாட்டு வகுப்பில்தான் இறந்தார். நல்ல சாவுக்கு ஊரே கூடி அழும் வழக்கமுள்ள எங்கள் ஊரில், அவரை நான்கு பேர் தூக்கிப் போனார்கள். காலியான கட்டிலை எஜே தானே கழுவினார். அன்று அவர் கட்டிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரம் அனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஷார்ஷெனே கொண்டு வந்தார். தரைத்தளத்தில், ஜன்னலோரக் கட்டில். குப்புறப் படுத்தால்தான் நுரையீரலுக்குக் காற்று போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அனார் தலையணையில் முகம் வைத்துக் கிடந்தார். இயக்குநரின் ஸ்டாண்டில் அவருடைய பாட்டில் தொங்கியது. ஷார்ஷெனை உள்ளே விடவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காலையிலும் நின்றார், மாலையிலும் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் நாள் அனார் விரலை அசைத்துத் தங்கையைக் கூப்பிட்டார். எஜே குனிந்து காதைக் கொடுத்தார்.

“அந்தக் கிழவனுக்கு என்ன வந்துச்சு? வாயத் தொறக்க மாட்டேங்குறான். நான் சாகப் போறேன்னு டாக்டர் சொல்லிட்டாளா?”

“ஒண்ணும் சொல்லல அக்கா.”

“அப்ப அவன் ஏன் பேசல?”

எஜே வெளியே வந்தார். எனக்கு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

“ஜெஸ்தே, ஏதாவது பேசுங்க.”

“என்னத்தப் பேச?” ஷார்ஷெனின் கண் சிவந்திருந்தது. “எனக்கு ஒண்ணும் வரல பல்டிஸ்.”

“வரலைன்னா நான் இழுத்து விடறேன். நீங்க பதில் மட்டும் சொல்லுங்க.” எஜே குரலை உயர்த்தினார், பண்ணையின் பழுதடைந்த டெலிபோன் கம்பியில் மறுமுனைக்குக் கேட்க வேண்டுமே என்று கத்துகிற அதே குரல். “எங்க அக்காவப் பொண்ணு கேட்டு வந்தப்ப பல்டிஸுக்குப் பட்டுத் தலைத்துணி கொண்டாரணும். அதுதான மொற? நீங்க என்ன கொண்டாந்தீங்க?”

ஷார்ஷென் வாயைத் திறந்து மூடினார்.

“சொல்லுங்க ஜெஸ்தே! உள்ள எல்லாரும் கேக்கறாங்க.”

“மீன்” என்றார் அவர், மெதுவாக.

“என்ன மீன்?”

“காஞ்ச மீன்.”

“முழு மீனா?”

“பாதி.”

“மீதி எங்க போச்சு?”

“வழி தூரம். பசிச்சுது.” அவர் குரல் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. “அதுவும் நல்ல பாதியத்தான் ஒனக்கு வச்சேன். தலப் பக்கம். ஒனக்குத்தான் மூள வேண்டியிருந்துச்சு.”

தலையணைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அனார் முகத்தைச் சற்றுத் திருப்பினார். “பசியா?” என்று மூச்சுக்கு நடுவே கேட்டார். “வால் பக்கத்த எனக்குல்ல குடுத்தான். முழு மீனே இவ்ளோதான்னு சொன்னான்.”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு உடனே இருமலாக மாறியது. ஒரு கட்டிலில் தொடங்கி வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் பரவியது. டாக்டர் ஓடி வந்தார்.

“யாரு சிரிக்க வச்சது? இவங்களுக்கு மூச்சு விடறதே பெரும்பாடு!” அனாரின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எண் சற்று ஏறியிருந்தது. “சரி. கொஞ்சம் கம்மியாச் சிரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஷார்ஷென் ஜன்னலுக்கு வெளியே சும்மா நிற்கவில்லை. எஜே வெந்நீர் வைத்து முடித்ததும் வெளியே போவார், இருவரும் ஆரம்பிப்பார்கள். கல்யாணத்தில் குதிரை மாப்பிள்ளையைச் சேற்றில் தள்ளியது, மாமியார் வீட்டில் வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் இருந்துவிட்டு ராத்திரி அடுப்படியில் அகப்பட்டது, எல்லாம் ஊருக்குத் தெரிந்தது. தப்பாகச் சொன்ன இடங்களை அனார் தலையணைக்குள்ளிருந்து திருத்தினார். திருத்துகிற குரல் நாளுக்கு நாள் பலப்பட்டது. ஒரு நாள் அவர் எழுந்து உட்கார்ந்து, “போதும், மானத்த வாங்காத, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். டாக்டர் இன்னும் சில நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்.

இலையுதிர் காலத்தில் பள்ளி மறுபடியும் பள்ளி ஆனது. கட்டில்கள் திரும்பி வந்தன. டாக்டர் சொன்னபடியே பெயின்ட் உரிந்து, அடியில் துருவும் அதற்கடியில் இன்னொரு பழைய நீலமும் தெரிந்தன. ஸ்டாண்ட் நடுவில் வளைந்திருந்தது. புதுசாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் ஷார்ஷென். எஜே வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்க பச்ச அடிப்பீங்க” என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்கு ஐந்து பேர், முகக்கவசத்தோடு வரலாம் என்று எங்களைத் திறக்க அனுமதித்த நாளில், முதல் ஆளாக அனார் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கைத்தடியோடு, இரண்டு எட்டுக்கு ஒரு தரம் நின்று, அறை அறையாகப் பார்த்தார். தான் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

“இதுல ஒரு அட்ட மாட்டலாம்” என்றார் ஷார்ஷென். “‘இங்கே அனார் படுத்திருந்தார்’னு.”

“அப்படி எழுதினா வர்றவங்க கை தூக்கி துவா கேப்பாங்க. நான் உசுரோட இருக்கேன், எழுதாத.”

எழுந்து கடைசி அறைக்குப் போனார். அங்கே மீனவர் வீட்டுச் சமையல் சாமான்கள் இருந்தன. நாங்கள் வாசலிலேயே நின்றோம். உள்ளே கைத்தடிச் சத்தம் நின்றுபோயிற்று.

“கனிம்புபு!”

எஜே அசையவில்லை. ஷார்ஷென் அடுப்பில் விறகு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

“இந்த வார்ப்பிரும்புச் சட்டி யாரோடது? ‘பெயர் சொல்ல விரும்பாதவர் அளித்தது’ன்னு எழுதியிருக்கு. இந்தக் காதுல ஒடச்சல் இருக்கே, இது நான் கீழ போட்டப்ப ஒடஞ்சது! அம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்தது!”

“மியூசியத்துல சட்டி ஒண்ணு கூட இல்லியே அக்கா” என்றார் எஜே. “ஜெஸ்தேதான் எடுத்துக்கச் சொன்னாங்க.”

“நீ கேட்ட, நான் குடுத்தேன்” என்றது அடுப்புப் பக்கமிருந்து ஒரு குரல்.

“பக்கத்து வீட்டு ஷைலோகான் திருடிட்டாள்னு நினைச்சு அவகூடப் பேச்சையே நிறுத்திட்டேன்டி! எத்தன வருஷம்! அவ பேச வரும்போதெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல கட்டில்ல கெடந்தப்பக்கூட அவ ஆட்டு சூப்பு குடுத்து அனுப்புனா, தெரியுமா? ‘சட்டிய எடுத்துக்கிட்டு சூப்பு அனுப்புறா பாரு’ன்னு நினைச்சேன்!”

அனார் சட்டியைத் தூக்க முயன்றார், முடியவில்லை. புருஷனைப் பார்த்தார். ஷார்ஷென் வந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எஜே அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விலகி வழிவிட்டார். அன்று எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் குறைந்தது.

சாயங்காலம் அனார் அதே சட்டியில் பிலாவ் செய்தார், கேரட்டும் ஆட்டுக்கறியுமாக. எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆனால் முதல் தட்டு எங்களுக்கு இல்லை. அதை நிறைய எடுத்து, துணி போட்டு மூடி, ஷைலோகான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோய் விஷயத்தைச் சொல்ல வேண்டியது ஷார்ஷென்தான் என்று தீர்ப்பாயிற்று.

அவர் போய் வெகு நேரம் கழித்துத் திரும்பினார். அங்கே என்ன சொன்னார், ஷைலோகான் என்ன சொன்னாள் என்று எஜே எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. தட்டு காலியாக இருந்தது. அவருடைய இரண்டு காதும் யாரோ பிடித்துத் திருகியதுபோல் சிவந்திருந்தன.