ஜீப்பில் இருந்ததும் ஓய்வாம்

ஸ்டெனி பால் விடாத கட்டன்சாயாவில் சீனிக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டான். அவன் பெண்டாட்டி ஜெஸ்பின் அடுப்பிலிருந்து திரும்புவதற்குள் பாதி டம்ளர் காலி. மீதியையும் ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, "நல்லா இருந்துது மக்கா" என்றான். திறந்து கிடந்த உப்பு டப்பாவைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதற்கென்று தெரியாமலே அவனும் கூடச் சிரித்தான். சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை, மின்சாரம் எடுக்கும் காற்றாடிக் கோபுரத்தின் உள்ளே ஏணியிலிருந்து விழுந்து செத்தான். ஏறுகிறவன் இடுப்புக் கொக்கியை ஒரு கம்பியிலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொண்டே போகவேண்டும். ஸ்டெனி கழற்றியிருக்கிறான், மாட்டவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வீசும்போது பழுதான காற்றாடியில் யாரும் ஏற முடியாது. காற்று கொஞ்சம் தணிய வேண்டும். அது எப்போது தணியும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பழுது பார்க்கும் பையன்கள் ராவும் பகலும் கோபுரத்தடியில் ஜீப்புக்குள் காத்துக்கிடப்பார்கள். போன் வந்ததும் ஏறவேண்டும். சீசன் முடியும்வரை வீட்டுக்கு வருவது குளித்து உடை மாற்றத்தான். அப்படிக் காத்துக்கிடக்கும் நேரத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஓய்வு.

அடுத்த வருடம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. சைட் பொறுப்பாளர் ராஜகுமார் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். பையன்களிடம் கவனமாக இருக்கும்படி அவள் நாலு வார்த்தை சொன்னால் மனதில் பதியும் என்றார். ஒரு பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

கூட்டப் பந்தலில் போய் உட்கார்ந்த பிறகுதான் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்தாள். ஸ்டெனியின் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஒரு நொடி கவனக்குறைவு'. செத்தவன் மேலேயே பழியைப் போட்டு, அதையே சொல்ல அவன் பெண்டாட்டியையும் கூட்டிவந்திருக்கிறார்கள். சொல்லவேண்டும் என்று நினைத்து வந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

மைக்கைப் பிடித்து உப்புச் சாயாக் கதையைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. "நாக்குல உப்பு தெரியாத அளவுக்கு அவிய அசந்துபோயிருந்தாவ. அந்த ஆளை ஏத்திவிட்டுட்டுக் கவனக்குறைவுன்னு எழுதி வச்சிருக்கிய."

ராஜகுமார் தணிந்த குரலில்தான் பேசினார். "சிஸ்டர், முந்தின நாள் பூரா அவருக்கு ரெஸ்ட்டுதான். வண்டியிலதான் இருந்தாரு."

"நாலு பேரு முட்டி இடிச்சிட்டு, போன் எப்ப அடிக்கும்னு இருக்கது ரெஸ்ட்டா? சார் ஒரு நாள் அதுல உறங்கிக் காட்டுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "சாருக்கு ஏசி இல்லாம கொறட்டை வராதுக்கா" என்றான். சிரிப்பு பரவி, ராஜகுமாரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

முன்வரிசையில் சிஜோ இருந்தான். ஸ்டெனியோடு கடைசியாக ஏறியவன். "சிஜோ, நீ நேத்து உறங்குனியா?" என்று கேட்டாள். அவன் ராஜகுமாரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டே, "இல்லக்கா. முந்தாநாளும் இல்ல" என்றான்.

"பேனரைக் கழத்துங்க" என்றாள். யாரும் அசையாததால் தானே மேடைக்குப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். மறுமுனையை சிஜோ வந்து அவிழ்த்தான். ராஜகுமார் தடுக்கவில்லை. அவர் கையில் போன் இருந்தது. காற்று தணிந்துவிட்டதாம், நின்றுபோன காற்றாடியில் உடனே ஏறவேண்டுமாம்.

சிஜோவின் பெயரைத்தான் கூப்பிட்டார். ஜெஸ்பின் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இவன் ஏறமாட்டான்."

ராஜகுமார் அவளோடு வாதாடவில்லை. இன்னொருவன் பெயரைச் சொன்னார். கண் சிவந்திருந்த ஒருவன் எழுந்து, அவளைப் பார்க்காமல் ஜீப்பை நோக்கி நடந்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பேனரை யாரும் எங்கும் கட்டவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும், ஜீப்பில் காத்திருக்கும் நேரம் இன்றைக்கும் ஓய்வு நேரம்தான்.