சாட்சிக் கையெழுத்து

பாஸ்போட்டில் நிலுக்ஷிக்கு இருபத்து மூன்று வயது. பிறப்புப் பத்திரத்தில் பதினேழு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொடுத்தால்தான் குவைத்திலிருந்து பிரேதம் வரும்.

"பாஸ்போட் ஆபீஸ் கிளார்க்கு பிழையா எழுதிட்டாருன்னு போடுங்க தங்கச்சி" என்று மேனகாவிடம் சொன்னான், நிலுக்ஷியை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் சந்திரகாந்தன். ஹட்டன் சமாதான நீதவானின் மேசை முன்னால் சாவு வீட்டுக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கையின் வயதைக் கூட்டியவனை மாட்டிவிடாமல் அவளைப் புதைப்பதில்லை என்று மேனகா முடிவு கட்டியிருந்தாள். கடதாசியைச் சிங்களத்தில் எழுதினாள். டவுன் முழுக்கச் சிங்களத்தில் பேசிச் சண்டை பிடிக்கிற சந்திரகாந்தனுக்கு அதில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவனுக்கு வரும் சிங்களக் கடிதங்களை, அவள் கெம்பஸுக்குப் படிக்கப் போன நாளிலிருந்து அவள்தான் வாசித்துச் சொல்கிறாள்.

"சாட்சிக்கு நீங்களே போடுங்கண்ணே."

அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்துப் போட்டான். நீதவான் வாசித்தார், அவனை ஒரு மாதிரி பார்த்தார், முத்திரை குத்தினார்.

"என்னம்மா எழுதுன?" என்றான் சந்திரகாந்தன்.

"வயசக் கூட்டி பாஸ்போட் எடுத்தது சந்திரகாந்தன், அத அவரே ஒத்துக்கிட்டு கீழ கையெழுத்து போடுறாருன்னு."

அவன் பாய்ந்து கை நீட்டினான். மேனகா கடதாசியை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு பிரதி பொலிசுக்குண்ணே. உங்களுக்குத்தான் சிங்களம் நல்லா வருமே, அங்க போய் பேசிக்கங்க."