என் மூக்கையே பாருங்க

"என் மூக்கையே பாருங்க," என்றாள். கண்ணாடிக் கடைக்கு யார் வந்தாலும் அவள் சொல்வது இதைத்தான். அப்படிப் பார்த்தால்தான் அளவுகோலை வைத்து இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை எடுக்க முடியும். முன்பெல்லாம் அது வாயில் தானாக வரும். இப்போது மூக்குக்குக் கீழே மீசையும் தாடையில் கருகருவென்று முடியும் முளைத்திருக்க, சொல்வதற்குள் ஒரு கை தானாக வாயை மறைக்கப் போகிறது.

தினமும் காலையில் பிடுங்கித் தீர்த்தவள்தான். மாதவிலக்கும் தன் இஷ்டத்துக்கு வருவதும் நிற்பதுமாக இருக்கவே பயந்துபோய் டாக்டரிடம் போனாள். "ஹார்மோன் கோளாறு மாதிரி தெரியுது. ரத்தம், ஸ்கேன் ரெண்டும் பாத்துரலாம். அடுத்த தடவ வர்ற வரைக்கும் முடியப் பிடுங்காதீங்க. எங்கெங்க எவ்வளவு வளருதுன்னு நான் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். சளி என்று முகக்கவசம் மாட்டிப் பார்த்தாள். மூடின மூஞ்சியைப் பார்த்து யார் கண்ணாடி வாங்குவார்கள் என்று முதலாளி கழற்ற வைத்துவிட்டார்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சும்மா வந்தவரல்ல. மகனுக்கு இவளைப் பெண் பார்க்க, கண்ணாடி வாங்குகிற சாக்கில் வந்திருக்கிறார். காலையிலேயே இவளுடைய அம்மா, முடி பிடுங்கும் பிளக்கரைக் கையில் திணித்தாள்.

"ரெண்டு நிமிஷ வேல. பிடுங்கிட்டுப் போடி."

"டாக்டர் வேணாம்னாங்கம்மா."

"டாக்டரா உன்னக் கட்டிக்கப் போறாங்க?"

பிளக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்படியே வந்துவிட்டாள்.

அந்தம்மாவின் பழைய கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப்போயிருந்தது. அதை மாட்டிக்கொண்டு இவளை நிதானமாகப் பார்த்தார். "லட்சணமா இருக்கியேம்மா," என்றார். கீறலின் புண்ணியம் என்று தெரிந்தும் இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

புதுக் கண்ணாடி தயாராகி வந்தபோது டாக்டரிடம் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தம்மா வருகிறார் என்று போன் வந்ததும் கடையின் பின்னறைக்குப் போய்த் தாடையில் ஒரு முடியைப் பிளக்கரால் பிடித்தாள். பிடுங்கினால் டாக்டரிடம் மறுபடி முதலிலிருந்து. பிடுங்காவிட்டால் வீட்டில் அம்மா. தன் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. பிடித்த முடியை விட்டுவிட்டாள்.

"வீட்ல எல்லாருக்கும் உன் பேச்சுதான்மா," என்றபடி அந்தம்மா வந்து உட்கார்ந்தார். இவள் லென்ஸைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். இதற்கு மேல் துடைக்க ஒன்றுமில்லை என்றானதும், மாட்டிவிட்டுக் காதோரம் இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்தாள். முகத்தை மறைத்துக்கொள்ளக் கை எதுவும் மிச்சமில்லை.

"என் மூக்கையே பாருங்க."

அந்தம்மா பார்த்தார். கண்ணை ஒருமுறை சிமிட்டினார். புது லென்ஸுக்குப் பின்னால் அந்தக் கருவிழிகள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின.