அவள் பையை நான், என் பையை அவள்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். தண்ணீர் குடித்தேன். கட்டிலில் துண்டை விரித்துப் பழுப்பு நிறப் பையிலிருந்ததை எல்லாம் எடுத்து வைத்தேன். செருப்பு, இரண்டு நீலச் சட்டை, மழை அங்கி, முடி கட்டும் ரப்பர் போட்டு வைத்த மாத்திரை டப்பா, மெல்லிய முனைப் பேனாக்கள் நான்கு. ஒன்றும் குறையவில்லை. திரும்ப அடுக்கினேன். செருப்பு அடியில், மழை அங்கி மேலே. வாரை என் தோளுக்கு இழுத்துவிட்டேன். ஆறரைக்கு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது அறை.

அந்தப் பையில் என்னுடையது எதுவும் இல்லை. என் துணி இரண்டு செட்டு கையில் ஒரு துணிப்பையில் தொங்கியது.

மூன்று வருடம் நானும் என் மனைவியும் இப்படித்தான் இருந்தோம். ஒரு நகரத்தில் இரண்டு வாரம், ஒரு தீவில் பத்து நாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு. இருவருக்கும் மடிக்கணினியில் வேலை. அவள் வீட்டு வரைபடம் போடுவாள். நான் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். வீடே இல்லாதவள் ஊருக்கெல்லாம் வீடு போடுகிறாள் என்று என் அக்கா கேலி செய்வாள்.

முதல் மாதமே ஒரு மாடிப்படியில் சண்டை வந்தது. என் பை அவ்வளவு கனம். அவள் அதைப் பிடுங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டு தன்னுடையதை என்னிடம் நீட்டினாள். "உன் பாரத்த நீயே தூக்கினா உனக்கு ஒறைக்காது. நான் தூக்கினா வெக்கத்துலயாவது கொறைப்ப." ஒரு வாரத்தில் இஸ்திரிப் பெட்டியையும் ஐந்து புத்தகங்களையும் கழித்துவிட்டேன். அதிலிருந்து அதுவே சட்டம். அவள் பையை நான் சுமப்பேன், என் பையை அவள்.

ஆறு மாதத்துக்கு முன், ஒரு தீவில், ஒரு காலை அவள் தலைவலி என்றாள். ஒரு மணி நேரத்தில் நிற்க முடியவில்லை. நகரத்து மருத்துவமனைக்குப் படகில் இரண்டு மணி நேரம். ஒரு தோளில் அவள், மறு தோளில் பை. அவள் பை. கிளம்பு என்றால் என் கை தானாக அதைத்தான் எடுக்கும். என் பையை அவள் எடுக்க வேண்டும். அவளால் எடுக்க முடியவில்லை. என் துணி, கண்ணாடி, அடையாள அட்டை எல்லாம் விடுதி அறையில் கிடந்தன. மருத்துவமனையில் நான் யாரென்று கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு காகிதம் இல்லை. மூன்றாம் நாள், கண் திறக்காமலே, அவள் போய்விட்டாள்.

அங்கே வந்து சேர்ந்த அத்தை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா மாப்பிள்ளை?"

"வீட்டுக்குப் போகணும்னு சொன்னா அத்தை."

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த முகத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன். கையேட்டில் இப்படி எழுதியிருந்தால் வேலை போயிருக்கும்.

அந்த ஒரு வரி என்னை ஐந்து மாதம் அத்தை வீட்டு மாடி அறையில் உட்காரவைத்தது. வந்தவர்கள், போனவர்கள் எல்லோருக்கும் அத்தை அதைச் சொன்னார். புள்ளைக்குக் கடைசியில் புத்தி வந்தது, வீட்டை நினைத்தது, காலன்தான் முந்திக்கொண்டான். என் மனைவி மூன்று வருடம் வாழ்ந்ததே ஒரு தப்பு, அவளே அதை ஒத்துக்கொண்டாள் என்று ஆகிவிட்டது. நான் சாட்சி. அக்கா தொலைபேசியில் சொன்னாள், "உங்க நாடோடிக் கம்பெனில பாதிப் பேர் காலி. கடைய மூடுடா."

மூடவில்லை. மாதம் பிறந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் போட்ட பட்டியலில் இரண்டு நகரமும் ஒரு தீவும் பாக்கி இருந்தன. போனேன். எதையும் ரசித்ததாகச் சொல்ல முடியாது. அறை, மேசை, வேலை, தூக்கம். நிறுத்தவும் தோன்றவில்லை. கடைசியாக, அந்த மூன்றாவது அறையிலிருந்து படகில், பட்டியலில் இல்லாத, அவள் விழுந்த அந்தப் பழைய தீவு.

விடுதிக்கார அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். செய்தியைச் சொன்னேன். உள்ளே போய் என் பையை எடுத்து வந்தார்.

"அவங்க பைன்னு நெனைச்சு ஒரு தூசி படாம வச்சிருந்தேன். அவங்கதானே தூக்கிட்டு வந்தாங்க. பூஞ்சை புடிக்கப்போகுதேன்னு ஒரு நாள் தெறந்தா, உள்ள ஷேவிங் செட்டு." சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பரவாயில்லை என்றேன். ஆறு மாதத்தில் எனக்கும் அப்போதுதான் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

அவள் பை முதுகில், என் பை நெஞ்சில். படகுக்காரர் கை கொடுத்து ஏற்றினார். "என்ன சார், வீட்டுக்காரம்மா பின்னால வர்றாங்களா?"

"இல்லை."

"ரெண்டு பை?"

"ஆமாம்."

அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அத்தை வீட்டுக்கு வந்தபோது மதியம். அக்கா வந்திருந்தாள். இரண்டு பேரும் பேசிவைத்திருந்தார்கள் என்பது காபி கேட்காமலே வந்ததில் தெரிந்தது. அக்காவின் கணவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு இடம், திங்கட்கிழமை சேர வேண்டும். மாடி அறையை வெள்ளை அடித்தாயிற்று.

"அந்தப் பையக் குடுங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "துணியெல்லாம் யாருக்காவது உபயோகப்படும். எத்தன நாளைக்குப் பொணம் மாதிரி சொமப்பீங்க?"

"தர மாட்டேன் அத்தை. திங்கட்கிழமை கிளம்புறேன்."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்காடா?" என்றாள் அக்கா. "அவளே கடைசில வீட்டுக்குப் போகணும்னுதானே சொன்னா? அவளுக்குப் புரிஞ்சது உனக்குப் புரியலையா?"

"அவ அப்படிச் சொல்லல."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேன். பொய். அவ எங்கேயும் திரும்பணும்னு கேக்கல. அவ வாழ்ந்தத தப்புன்னு அவ சொல்லவே இல்ல. இனிமே யாரும் அவ பேர்ல அதச் சொல்லக் கூடாது."

அக்கா என்னவோ ஆரம்பித்தாள். அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப என்னதான் சொன்னா?"

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அத்தை எழுந்து, நான் வாசலோரம் இறக்கிவைத்திருந்த இரண்டு பைகளிடம் போனார். எது அவளுடையது என்று கேட்கவில்லை. பழுப்பு நிறப் பையை இரண்டு கையாலும் தரையிலிருந்து தூக்கினார். புடவைத் தலைப்பால் அதன் அடியைத் துடைத்து, நாற்காலியில் வைத்தார்.

அந்தக் காலை படகில் ஏறியதும் அவளைப் பலகையில் படுக்கவைக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. தோளிலிருந்த பையை நழுவவிட்டேன். படகின் அடித்தளத்தில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"டேய், பையக் கீழ வைக்காத. தரை ஈரமா இருக்கு."