பிளாஸ்திரிக்கு அடியில்

ஆச்சா என்று கேட்கிறார், அவர் முகம் என் முகத்துக்கு மேலே, ஜன்னல் கம்பிகளின் நிழல் தோளில் கோடு கோடாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மில்லுக்கு லீவு, கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு ம் என்றுதான் சொல்லி வருகிறேன், என்ன ஆக வேண்டும் என்று தெரியாமலே, சொன்னால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார், இன்று அந்த ம் வரவில்லை, வகுப்பில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் இடுப்புதான் கண்ணுக்குள் வருகிறது, செவிலி உதவியாளர் படிப்பு, மாலை வகுப்பு, எதையும் வரிசையாகப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும், அதைப் பார்த்தே மேலிருந்து கீழாக ஒவ்வொரு உறுப்பாக மனப்பாடம் செய்தேன், கால்களுக்கு நடுவே, மேலே மட்டும் ஒரு வெள்ளை பிளாஸ்திரி, உடைசலை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், பெண்ணுறுப்புப் பாடம் வந்த அன்று ஸ்டெல்லா மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, இத வீட்ல வாசிச்சுக்கங்கம்மா, பரீட்சைக்கு வராது என்றார், வீட்டில் குளிக்கும்போது படித்ததை என் உடம்பில் சரிபார்க்கிறேன், ஒவ்வொன்றும் சரி, பிளாஸ்திரி இருந்த இடத்தில் மட்டும், மடிப்புக்கு அடியில், துவரம்பருப்பு அளவில் ஏதோ ஒன்று, தொட்டதும் உடம்பு முழுக்கத் தூக்கிப்போடுகிறது, அந்தப் பிளாஸ்டிக் இடுப்பில் இல்லாதது என்னிடம் எப்படி, கட்டிதான், இவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ, தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாரோ என்று அன்றிலிருந்து அவர் பார்வையைக்கூட நம்பவில்லை.

செண்பகவல்லி அக்காவிடம்தான் சொன்னேன், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு எங்களோடு படிக்க வந்தவள், எல்லோரும் போன பிறகு வகுப்பில் வைத்துச் சொன்னேன், எங்கடி கட்டி, சொன்னேன், வலிக்குதா, இல்லக்கா, பின்ன, தொட்டாத் தூக்கிப்போடுதுக்கா, பெஞ்சில் சாய்ந்து சிரித்தாள், அடி லூசு, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச, எழுந்துபோய் நகத்தால் பிளாஸ்திரியைக் கிள்ளி உரித்தாள், அடியில் உடைசல் இல்லை, சின்ன மொட்டு, என்னிடம் இருக்கும் அதே இடத்தில், எல்லாருக்கும் இருக்குடி, வெளிய தெரியிறது கொஞ்சம், மிச்சம் உள்ள ரெண்டு பக்கமும் கால் மாதிரி விரிஞ்சு கெடக்கும், அதுக்கு என்னக்கா வேல, சந்தோஷப்படுறதுதான் வேல, வேற ஒண்ணுங் கெடையாது, ஒனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததே இல்லையா, வந்துச்சான்னு எப்படித் தெரியும், வந்திருந்தா கேக்க மாட்ட, அதக் கண்டுக்காம விட்டா முக்காவாசிப் பேருக்கு வராது, நானே ரெண்டு பெத்த பொறகுதான் ஒரு டாக்டரம்மா போன் வீடியோல பேசுறதப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன் என்றாள், மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் புது பிளாஸ்திரி, முன்னதைவிடப் பெரியது, ஒட்டியது வகுப்பு நடத்தும் ஆபீஸ்காரரா, மிஸ்ஸா, யார் முகத்தைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று தோன்றியது, அம்மாகூட, அத்தைகள்கூட, எல்லோருமாகச் சேர்ந்து ஒட்டியது போல.

ஆச்சான்னு கேட்டேன் என்கிறார் மறுபடி, இல்லை என்றால் கிளாஸுக்கே போக வேண்டாம் என்பாரோ, ஒரு பஸ் பிந்தினாலே யாரோட பேசிக்கிட்டிருந்த என்பவர், ம் சொல்வது எவ்வளவு சுலபம், இல்லங்க என்றேன், என்ன இல்ல, ஆகல, இன்னைக்கா, எப்பவுமே, எழுந்து உட்கார்ந்துவிட்டார், யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு இதெல்லாம், என் ஒடம்புங்க, யாரு சொல்லணும், அப்ப இத்தன நாளா ம்னியே, ஒங்களுக்கு ஆயிருச்சுன்னு சொன்னேன், அவர் ஜன்னலைப் பார்க்கிறார், தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போகிறது, கோபமா, அவமானமா, முதுகை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும், கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் உண்மையா என்று சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டேன், பிறகு திரும்பினார், நிழல் இப்போது அவர் முகத்தில் விழுந்திருந்தது, என்னை நம்பாத முகம்தான், என்றாலும் தெரியாத ஊரில் இறங்கி வழி கேட்பவர் போல, மெதுவாக, எங்க என்றார்.