விழுந்தவன் எங்கே

எங்கள் விளையாட்டில் குதிரைவீரர்களை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. செக் நாட்டின் பிர்னோ நகரில் ஒரு பழைய நெசவாலையின் மேல்தளத்தில் நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த கணினி விளையாட்டு அது. கவசம் பூட்டிய பிரபுக்கள் ஒரு பக்கம், கலப்பையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்த குடியானவர்கள் மறுபக்கம். எப்படி ஆடினாலும் குதிரைகள் வந்து மிதித்துவிட்டுப் போய்விடும். அவற்றை எதிர்த்து நிற்க ஒரு காலாள் வேண்டியிருந்தான். அவனை வடிவமைக்கும் வேலை மிலாதாவுக்கு வந்தது. அவனை அசைய வைப்பது என் வேலை.

மிலாதா அவன் கையில் ஒரு நீண்ட கழியைக் கொடுத்தாள். நுனியில் இரும்புக் கொக்கி. குதிரையைத் தொடாமல், மேலே இருப்பவனின் தோள்கவசத்தில் மாட்டிக் கீழே இழுக்க வேண்டும். விழுந்தவன் கழுத்தில் உடனே கத்தி இறங்க வேண்டும்.

"கொக்கி இருந்தா போதுமா?" என்றான் தலிபோர். எந்த வீரனுக்கு எவ்வளவு பலம், எவ்வளவு பயம் என்று எண்கள் போடுபவன் அவன். "அத்தனை குதிரையும் ஒண்ணா வர்ற சத்தத்துல உன் ஆளு கழியைப் போட்டுட்டு ஓடிடுவான்."

"அப்ப அவனுக்குக் காது கேக்காது."

"விளையாடாத மிலாதா."

"நிஜமாத்தான். பிறவிச் செவிடு. காலுக்குச் செருப்பும் இல்ல. குதிரை எந்தப் பக்கம் வருது, எவ்வளவு வேகமா வருதுன்னு உள்ளங்காலாலயே தெரிஞ்சுக்குவான்."

தலிபோர் தாடையைச் சொறிந்தான். பிறகு பயம் என்ற கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டான்.

அசைவுகளைப் பதிவுசெய்ய நவம்பரில் ஒரு காலை, ஊருக்குத் தெற்கே உழுதுபோட்டிருந்த வயலுக்குப் போனோம். வயலின் மறுகோடி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். காலாளாக நடிக்க வெந்தெலின் வந்திருந்தார். சினிமாவில் குதிரைமேலிருந்து விழுவதே அவர் தொழில்.

"ஆயுசு பூரா விழுந்து சம்பாதிச்சேன்," என்றார், சென்சார் உடுப்பை மாட்டிக்கொண்டே. "இன்னைக்குத்தான் இன்னொருத்தனை விழ வைக்கக் கூலி. என் பொண்டாட்டி நம்பமாட்டா."

காதுகளில் மெழுகை அடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றார். யிட்கா என்ற பெண் கறுப்புக் குதிரையில் இடப்பக்கமிருந்து வந்தாள். முதல் தடவை எல்லாம் சரியாக நடந்தது. ரப்பர் கொக்கி அவள் தோள்பட்டையில் மாட்டிக் கழன்றது. எல்லாரும் கைதட்டினோம்.

இரண்டாவது தடவை யிட்கா இன்னும் கிளம்பவேயில்லை. வெந்தெலின் சட்டென்று வலப்பக்கம் திரும்பினார். அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை. அவர் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து கழியை நீட்டினார்.

"அந்தப் பக்கம் இல்ல!" என்று கத்தினாள் மிலாதா. காதில் மெழுகு, அவருக்கு எப்படிக் கேட்கும்?

யிட்காவின் குதிரை காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, அடித்தாலும் நகராமல் நின்றது. வெந்தெலின் எழும்பி இழுத்தார். கழி வில்லாக வளைந்தது. காற்றை இழுப்பவன் மல்லாந்து விழுவான். அவரோ முன்னால் இழுபட்டார். குதிகால்கள் சேற்றைக் கிழித்துக்கொண்டு போயின. பிறகு கழி நிமிர்ந்தது. அவர் குப்புற விழுந்தார்.

நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். மெழுகைப் பிடுங்கிப் போட்டார்.

"ரெண்டாவது ஆள் வருவான்னு ஏன்யா சொல்லல? கொக்கி நல்லா மாட்டிக்கிச்சு. பயங்கர வேகத்துல விழுந்தான். எங்க அவன்?"

"யாரும் வரல வெந்தெலின்," என்றேன்.

"குதிரை ஓடிருச்சு, சரி. விழுந்தவன் எங்க? கையை ஊனி எந்திரிக்கப் பார்த்தான், காலுல தெரிஞ்சுது. அடி பட்டிருக்கும்யா!"

அவர் குனிந்து குனிந்து வயலெங்கும் தேடினார். உதட்டில் ரத்தம் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அவரைக் காரில் ஏற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றினேன். உடம்பில் ஒரு பெரிய பாரம் தொங்குவது துல்லியமாகத் தெரிந்தது. தலிபோருக்கு ஒரே சந்தோஷம். "இதான் நம்ம ஆளு! அப்படியே போடு."

மறுவாரம் வெந்தெலின் அலுவலகத்துக்கே வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"தூங்கவே முடியலம்மா," என்றார் மிலாதாவிடம். "அவன் இன்னும் அங்கதான் கிடக்கான். வீட்டுல தரையில கால வெச்சாக்கூட, அவன் கை மண்ணத் தட்டுறது தெரியுது."

"இவருக்கு டாக்டர்தான் வேணும்," என்று தலிபோர் என் காதில் முணுமுணுத்தான்.

மிலாதா தான் வரைந்த படத்தைத் திரையில் திறந்தாள். பிறகு காலாளின் இடுப்பிலிருந்த கத்தியை அழித்தாள்.

"விழுந்தவனை இவன் குத்தமாட்டான். கைகொடுத்துத் தூக்கிக் கூட்டிட்டுப் போவான். சிறைபிடிச்சதா வெச்சுக்கலாம்."

"எதிரிக்குக் கைகொடுக்கிற வீரனா? சிரிப்பாங்க மிலாதா!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். வெந்தெலின், அதை நீங்களே செஞ்சு காட்டுறீங்களா? அதே எடத்துல?"

அவர் கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

இந்தமுறை குதிரை இல்லை. வெந்தெலின், மிலாதா, நான் என்று மூவர்தான். பனி அன்றும் விலகவில்லை. வெந்தெலின் வெறுங்காலோடு வயலுக்குள் நடந்து, ஓரிடத்தில் தயங்கி நின்று, மண்டியிட்டுக் கையை நீட்டினார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று அவர் முழங்கை வெடுக்கென்று கீழே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். ஒரு தோள் தாழ்ந்திருந்தது. யாரையோ அணைத்தபடி, அந்த ஆளுக்குத் தகுந்தமாதிரி அடி வைத்து, வயலோரத்து வாதுமை மரங்களை நோக்கி நடந்தார். தரையில் என்ன தடம் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. மிலாதா பார்த்தாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெந்தெலின் தனியாகத் திரும்பி வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு நிம்மதி.

"முட்டியில அடி, பாவம். சின்ன வயசுக்காரன்னு நெனைக்கிறேன், கவசம்தான் கனம், ஆளுக்கு எடையே இல்ல. மரத்துக்கிட்ட போனதும் அவனா நடந்து போயிட்டான்." காரின் படியில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டார். "லுமீர், என் காலுறையை எடுத்துக் குடுப்பா. வெறச்சுப்போச்சு."

நான் எடுத்துக் கொடுத்தேன். திரும்பும் வழியில் அவர் பின்னிருக்கையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டே வந்தார். எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவராக விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.