பரியக் கிணறு

நிலக்கடலை பிடுங்க சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தில் செல்லனுக்கு எப்போதும் கடைசிச் சால்தான். அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து அவன் கைபட்டது விளங்காது என்று மலையில் பேச்சாகிவிட்டது. கூடப்பிறந்த அண்ணன் காளியனே அவனுக்குக் களியைத் தனியாக உருட்டி வைத்துவிட்டு நகர்ந்துகொள்வான். செல்லன் கோபித்துக்கொண்டதில்லை. மற்றவர்கள் பேசிச் சிரிப்பது காதில் விழுகிற தூரமாகப் பார்த்து உட்கார்ந்து தின்பான்.

மொரப்பூர் ரயிலடிக்குக் கிழக்கே பச்சியப்பக் கவுண்டரின் காடு. அது சண்டைக் காலம். பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு ரயில்கள் ஓடின. கடலை நல்ல விலைக்குப் போனது. கவுண்டருக்குக் கை நிறையக் காசு, வாய் நிறையக் கிண்டல். மலைக்காரர்கள் தங்களையும் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வது அவருக்குத் தீராத வேடிக்கை. கோவணத்தோடு நிற்கிறவனைப் பார்த்து, "வாங்க கவுண்டரே, அரமனையில எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். கேட்கப்பட்டவன் இளிப்பான். இளிக்காதவனுக்கு மறுவருஷம் வேலை இருக்காது.

கடலை பிடுங்கி முடிந்த அன்று களத்துமேட்டில் செல்லன் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கவுண்டர் பார்த்தார்.

"ஏண்டா, உன்னை மட்டும் தள்ளி வெச்சிட்டாங்களா?"

"ஆளில்லீங்க எனக்கு."

"ஒரு ஆளைப் பாத்துட்டாப் போச்சு." கவுண்டர் களத்தைச் சுற்றிலும் பார்த்தார். சாலம்மாள் களம் கூட்டிக்கொண்டிருந்தாள். சேரிப் பெண். ஓடையோரம் கவுண்டர் விட்ட இடத்தில் குடிசை போட்டுக்கொண்டு, பண்ணையில் சாணி அள்ளிப் பிழைக்கிறவள். "இவளைக் கட்டிக்கறியா? புருசன் கோலார் தங்கவயல்ல குழி சரிஞ்சு செத்துட்டான். நானே முன்ன நின்னு கட்டி வெக்கறேன்."

களம் முழுக்கச் சிரித்தது. அவள் புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருப்பதும், போன மாதம்கூட ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்பியதும் அங்கே செல்லனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

செல்லன் எழுந்து நின்றான். "பரியம் என்ன தரணுங்க?" என்று கேட்டான்.

மலையில் பெண்ணுக்குப் பரியம் தராமல் கல்யாணம் கிடையாது. தானியம் இல்லாதவன் உழைத்துத் தீர்ப்பான். அவன் கேட்டது அதைத்தான். கவுண்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைக்கும்போது, மேற்கு மூலையில் வறண்டு கிடந்த கிணறு அவர் கண்ணில் பட்டது.

"அந்தக் கெணத்தை வெட்டி ஆழம் பண்ணு. தண்ணி வந்த அன்னிக்கே உனக்குப் பொண்ணு."

மறுநாள் காலையில் கூட்டம் மலைக்குக் கிளம்பியது. காளியன் மட்டும் மூட்டையோடு கொஞ்சம் தயங்கினான்.

"சேரிப் பொண்ணைக் கட்டினா நீ மலையேற முடியாது. தெரியுமில்ல?"

"ஏறிப் போயி அங்க யாருகிட்டண்ணா பேசறது?" என்றான் செல்லன்.

காளியன் எதையோ சொல்ல வாயெடுத்தான். களத்தில் நின்ற கவுண்டரைத் திரும்பிப் பார்த்தான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டான்.

கிணற்றடி முழுக்கக் கரும்பாறை. கடப்பாரை விழுந்தால் பொறி பறக்கும். செல்லன் உடைத்த கல்லையும் மண்ணையும் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகப் படியேறிக் கொட்டும் வேலை சாலம்மாளுக்கு. மேஸ்திரி மாதேஸ்வரன் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டான்: "முகங்கொடுத்துப் பேசு. புருசன் பேச்சை மட்டும் எடுத்தே, குடிசையில குந்தியிருக்க மாட்டே."

முதலில் அவள் பேசவில்லை. வெறுங்கூடையைப் போடுவாள், நிறைந்ததைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். செல்லன்தான் பேசினான். பல வருஷத்துப் பேச்சு அவனுக்குள் சேர்ந்திருந்தது. மலையில் சாமைக் கதிரைக் குருவி எப்படி உரிக்கும் என்று சொன்னான். தேன் எடுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்ததைச் சொன்னான். செத்துப்போன பிள்ளைக்கு 'ழ' வராது, மழையை 'மயை' என்று சொல்லும் என்று சொன்னான்.

"உனக்கு என்ன புடிக்கும் சாலம்மா?" என்று ஒருநாள் கேட்டான்.

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "நெழலு," என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே செல்லன் மூங்கில் தட்டியும் தென்னோலையும் கொண்டுவந்து, அவள் கல் கொட்டுகிற இடத்தில் ஒரு பந்தல் போட்டான். மறுநாள் மாதேஸ்வரன் அதில் கன்றுக்குட்டியைக் கட்டினான்.

சித்திரை வெயிலில் ஒரு பாறை சறுக்கி அவன் இடது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கிக் கூழாயின. அலறல் கேட்டுக் கவுண்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாறை பேந்துடுச்சாடா?"

"பேந்துடுச்சுங்க."

"ம்" என்று நகர்ந்துவிட்டார். சாலம்மாள்தான் முந்தானையைக் கிழித்து அவன் கையைச் சுற்றிக் கட்டினாள். பெண்டாட்டி செத்த பிறகு செல்லனை இன்னொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாளே வலது கையால் கடப்பாரையைப் பிடித்துவிட்டான். தான் பரிவு காட்டியதே அவனை இன்னும் ஆழத்தில் இறக்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்று முதல் அவள் அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

வைகாசி கடைசியில் ஊற்றுக் கண் திறந்தது. ஊரே வந்து பார்த்தது. பூசாரி தேங்காய் உடைத்தார். கவுண்டர் கழுத்தில் மாலை விழுந்தது. செல்லன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மேலே பார்த்துச் சிரித்தான். சாலம்மாளை எங்கும் காணவில்லை.

மறுநாள் அவள் குடத்தோடு வந்தாள். படிக்கு வெகுதூரத்திலேயே நின்றாள். செல்லன் ஓடிப்போய்க் கைப்பிடித்து அழைக்காத குறையாக, "எறங்கி வா, நம்ம கெணறு," என்றான்.

"மேஸ்திரி சொல்லிட்டாரு. தண்ணி வந்த பொறவு நான் படியில கால் வெக்கக் கூடாதாம்."

"கல்யாணம் ஆயிட்டா யாரு கேப்பாங்க?"

சாலம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "மலைக்காரரே, நல்லா யோசிச்சுப் பாருங்க. நான் மொள்ளக் கூடாத கெணத்தைப் பரியமாக் கேக்கறவரு உங்களுக்கு என்னக் கட்டி வெப்பாரா? எம் புருசன் சாவல. கோலார்ல இருக்காரு. ஊருக்கே தெரியும். எல்லாரும் சேந்து உங்களை வெச்சு வெளையாடறாங்க. நானும் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன். வெரல் போன பொறவு எனக்குச் சோறு எறங்கல. இப்பிடியே மலைக்குப் போயிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

செல்லன் தண்ணீர் சேந்தி அவள் குடத்தை நிரப்பினான். அவள் போன பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றான். பிறகு நேராகக் கவுண்டர் வீட்டுப் புறக்கடைக்குப் போனான். சண்டைக்குப் போகவில்லை. கவுண்டர் வாயால் ஒரு வார்த்தை, 'அவள் சும்மா சொல்கிறாள்' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"எசமாங்க, சாலம்மா ஏதேதோ சொல்றா. புருசன் இருக்கான்றா. நீங்க கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்க."

கவுண்டரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. கிணறு முடிந்துவிட்டது, இனி மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கவும் கூலியில்லாத ஆள் வேண்டும். இவன் போய்விடக் கூடாது. அவளோ இருக்கக் கூடாது.

"பொய் சொல்றாடா அவ," என்றார். "வெரல் போனவனைக் கட்டிக்கப் புடிக்கல, அதான். இருக்க ஒரு குடிசை இருக்கிற திமிரு. போயி கூரையைப் பிரிச்சு எறி. ஒண்ட எடமில்லேன்னா அவளே உங்கிட்ட வந்து நிப்பா. மேஸ்திரி, இவனோட போ."

அவளை அடிக்கச் சொல்லியிருந்தால் செல்லன் மாட்டேன் என்றிருப்பான். கூரையைப் பிரித்தால் தன்னிடம் வருவாள் என்றதும் அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. வருகிற வழியெல்லாம் புதுக் கூரையை எந்த மரத்தடியில் போடலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தான்.

சாலம்மாள் அடுப்பெதிரில் இருந்தாள். அவன் கூரைமேல் ஏறுவதையும், பின்னால் மாதேஸ்வரன் கைகட்டி நிற்பதையும் பார்த்தாள். கத்தவில்லை. பானையையும் பழம்புடவை மூட்டையையும் எடுத்து வெளியே வைத்தாள். செல்லன் மூன்று விரல் கையால் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, ஓலை கிழியாமல் கீழே அடுக்கினான்.

"நல்ல ஓலை, சாலம்மா. கெணத்துமேட்டுப் புங்கமரத்தடியில புதுசாப் போட்டுத் தரேன். ரெண்டு பேருக்கும் எடம் போதும். அங்க நெழல் உண்டு."

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பிரிக்கறீங்க."

அவன் கை நின்றது. மாதேஸ்வரன் கீழேயிருந்து, "ஆகட்டும், ஆகட்டும்," என்றான். கை மறுபடியும் முடிச்சைத் தேடியது.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் ரயிலடிப் பக்கமாக நடந்தாள். அன்று முழுக்கச் செல்லன் ஓலைக் குவியலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மாலையில் கவுண்டர் வண்டி அனுப்பி, நல்ல ஓலையையெல்லாம் மாட்டுக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டார்.

கார்த்திகையில் மலைக்கூட்டம் வந்தது. செல்லன் கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். வாய்க்காலில் முகம் கழுவ வந்த காளியனிடம் மெல்லப் போனான்.

"போன வருசமே உனக்குத் தெரியுமாண்ணா?"

"எல்லாருக்குந்தான் தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா இந்த வருசம் எங்களை உள்ள விட்டிருப்பாரா?"

செல்லன் தலையாட்டினான். அது சரியான பதிலாகத்தான் தோன்றியது. கொஞ்சம் பொறுத்து, "நான் வந்துரட்டுமா மலைக்கு?" என்றான்.

"உங்காட்டுல எம் மவன் வெதச்சிருக்கான்." காளியன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சேரிப் பொண்ணைக் கட்டப்போனவன்னு ஊர்ல வெலக்கி வெச்சாச்சு. வந்து என்ன பண்ணப்போற?"

"அவளைக் கட்டலியே நான்."

"அதை யாருகிட்டப் போயிச் சொல்லுவ?"

களத்திலிருந்து கவுண்டரின் குரல் வந்தது. "செல்லக் கவுண்டரே! மாடு நிக்குது பாருங்க!"

பிடுங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காளியனும் சிரித்தான். செல்லன் போய் மாட்டைப் பின்னுக்குத் தள்ளினான். வடக்கயிறு தளர்ந்து, தண்ணீர் மொள்ளும் தோல்பறி கிணற்றுக்குள் இறங்கியது.